பையில் ஒன்பது குச்சி மிச்சம்

போன சித்திரையில், ராத்திரி 11 மணிக்குக் குழாயைத் திறந்தாலும் சுடுதண்ணீர் வந்துகொண்டிருந்த நாட்களில், திருப்பூரில் என் வாடகை வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், உட்கார்ந்துகொண்டு நான் குளிரில் செத்துப்போனேன். கணினி விளையாட்டில்தான். ஆனாலும் அந்தச் சாவு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. 61 நாள் உயிரோடு காப்பாற்றி வைத்திருந்த ஆள், உறைந்த ஏரியின் மேல், தன் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் விழுந்தான். விழுந்தபோது அவன் பையில் 4 கிலோ மான்கறி இருந்தது. நிலக்கரி இருந்தது. 9 தீக்குச்சி இருந்தது. ஓநாய் கடிக்கவில்லை, பசியும் இல்லை. தீ மூட்ட வேண்டிய எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு தீ இல்லாமல் செத்தான். ஏன் மூட்டவில்லை என்று கேட்டால் எனக்குப் பதில் உடனே தெரிந்தது. அந்தப் பதில்தான் பல ராத்திரி தூங்கவிடவில்லை.

விளையாட்டின் பெயர் 'தி லாங் டார்க்'. கனடாவின் ஹின்டர்லேண்ட் ஸ்டுடியோ செய்தது. 2014இல் முன்னோட்டமாக வந்து, 2017 ஆகஸ்ட்டில் முழுதாக வெளியானது. கிரேட் பேர் என்று ஒரு கற்பனைத் தீவு. காந்தப் புயல் ஒன்றில் கரண்டு, வண்டி, ரேடியோ எல்லாம் நின்றுபோன பிறகு அந்தத் தீவில் நாம் தனியாக நடக்கிறோம். பேய், பிசாசு, எழுந்து துரத்தும் பிணம் எதுவும் கிடையாது. குளிர், களைப்பு, தாகம், பசி என்று திரையின் மூலையில் 4 சின்னங்கள் மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும். அவற்றை நிரப்பிக்கொண்டே இருப்பதுதான் ஆட்டம். உயிர்பிழைக்கும் முறையில் ஜெயிப்பது என்று ஒன்று இல்லை. எத்தனை நாள் தாக்குப் பிடித்தோம் என்பது மட்டும்தான் கணக்கு. நான் ஆடிய முறையில் செத்தால் சேமித்த ஆட்டமே அழிந்துவிடும், மறுபடி முதல் நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதை விளையாடத் தொடங்கியபோது முதலில் உறைத்தது நம் சொற்கள்தான். எங்கள் பக்கத்தில் காடு என்றால் மிருகம் திரியும் வனம் இல்லை. கிணற்றுப் பாசனம் இருந்தால் அது தோட்டம், மழையை நம்பிக் கிடந்தால் காடு. "காட்டுக்குப் போயிட்டு வந்தர்றேன்" என்று அம்மா சொன்னால் களை வெட்டப் போகிறாள் என்று அர்த்தம். பனியும் அப்படித்தான். மார்கழி விடியலில் சோளத்தட்டின் மேல் நிற்கிற ஈரம்தான் எங்களுக்குப் பனி. அதற்கே தலையில் துண்டு கட்டாமல் வெளியே விடமாட்டார்கள். எலும்பை உடைக்கும் பனியையும் அந்த ஈரத்தையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகியவன், அந்தத் தீவில் முதல் முறை இரண்டே நாளில் செத்தான். இரண்டாம் முறை ஐந்து நாள்.

நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஓர் ஆர்டரைத் துணி முதல் பெட்டிவரை பார்த்துக்கொள்கிற வேலை. கத்திரி வெயிலில்தான் எங்களுக்குக் குளிர்கால ஆர்டர் ஓடும். வெளியே 40 டிகிரியைத் தொடுகிற மத்தியானத்தில், உள்ளே 320 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 320 கிராம்) கனமுள்ள ஃப்லீஸ் என்கிற குளிர்காலத் துணியைத் தடவிப் பார்த்து, பஞ்சு போல முடி எழுப்பும் ப்ரஷிங் சரியில்லை என்று டையிங்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். யாருக்கோ குளிருமே என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. விளையாட்டில் உடுப்பு நனையும், நனைந்தது உறைந்து போகும். பருத்தி சீக்கிரம் ஈரம் இழுக்கிறது, கம்பளி தாங்குகிறது. பருத்தி தண்ணீரைக் குடிக்கும் என்பது எனக்குத் தொழில்முறையில் தெரிந்த விஷயம். அதனால் ஓர் ஆள் சாக முடியும் என்பதைத் திரையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்புறம் சில நாட்கள் பெட்டியில் அடுக்கிய ஹூடிகளைக் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்த்தேன்.

குச்சிக் கணக்கு

அந்தத் தீவில் தீக்குச்சிதான் பணம். உறைபனியை உருக்கிக் காய்ச்சினால்தான் தண்ணீர், சுட்டால்தான் கறி, தீ இருந்தால்தான் வெளியில் ராத்திரி கழியும். குச்சியோ யாருமில்லாத வீடுகளின் மேசை டிராயரில், செத்துக் கிடப்பவரின் பையில் தேடிக் கிடைக்க வேண்டும். கிழித்த குச்சியெல்லாம் தீயாகவும் மாறாது. தோற்றால் குச்சியும் போகும், பற்றவைக்கக் கொடுத்த சுள்ளித்தூளும் போகும். ஆகவே பழகியவர்களுக்கு ஆயிரம் சிக்கன வழி உண்டு. எரிகிற தீயிலிருந்து ஒரு பந்தத்தை எடுத்து, அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய் அதிலேயே அடுத்த தீயை மூட்டலாம். வெயில் தெளிவாக அடிக்கும்போது பூதக்கண்ணாடி வைத்து மூட்டலாம், குச்சியே வேண்டாம். சாப்பாட்டிலும் ஒரு தந்திரம் இருந்தது: பகலெல்லாம் பட்டினி கிடந்து, படுக்கும் முன்பு மட்டும் சாப்பிட்டால் பாதி உணவில் காலம் தள்ளலாம். ஆட்டத்தைச் செய்தவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் பின்னால் ஒன்றைச் சேர்த்தார்கள். மூன்று நாள் தொடர்ந்து பட்டினி இல்லாமல் இருந்தால் கூடுதலாக 5 கிலோ சுமக்கிற தெம்பு வரும். எனக்கு அந்தத் தெம்பு ஒருமுறையும் வந்ததில்லை. நான் பட்டினியிலேயே பழகிவிட்டேன்.

பந்தத்திலிருந்து பந்தம் கொளுத்தியபோதெல்லாம் எனக்கு அம்மிச்சி ஞாபகம் வந்தது. அம்மாவைப் பெற்றவள். காங்கயத்துக்குத் தெற்கே, கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கிற கொறங்காட்டு ஊர், மானாவாரி மேய்ச்சல் நிலம். மழை வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. ராத்திரி சமையல் முடிந்ததும் அடுப்பில் ஒரு எருவரட்டியை வைத்துச் சாம்பலால் மூடிவிடுவாள். விடியக்காலம் சாம்பலை விலக்கி ஊதினால் கங்கு கண் திறக்கும். ஒரு வத்திப்பெட்டி அவளுக்கு இரண்டு மாதம் வரும். லீவுக்குப் போகும்போது நானும் அக்காவும் குச்சியைக் கிழித்து விளையாடினால் கையை முறித்துவிடுவாள் போல வருவாள். அந்த ரத்தம்தான் நமக்கும் என்று எனக்குள் ஒரு பெருமை. 30ஆம் நாள், 40ஆம் நாள் என்று ஆட்டம் நீளநீள அந்தப் பெருமையும் வளர்ந்தது.

ஏரியின் நடுவில்

அப்பா அப்போது என்னோடு இருந்தார். கண்புரை ஆபரேஷனுக்காக ஊரிலிருந்து கூட்டி வந்திருந்தேன். 68 வயது, தோட்டத்தில் ஒரு நாள் சும்மா உட்காராதவர். ஒரு கண்ணில் கட்டுப் பிரித்து, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, ராத்திரி தூக்கம் வராமல் என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பார். திரையைப் பார்க்காதீர்கள் என்று சொன்னாலும் கேட்கமாட்டார். இரண்டு மூன்று நாளிலேயே ஆட்டம் அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைவிட நன்றாகவே புரிந்தது என்று நினைக்கிறேன். "காத்து அந்தப் பக்கமிருந்து வருது பாரு கண்ணு. பாறைக்கு இந்தாண்ட உக்காந்து மூட்டு" என்பார். களத்தில் காற்றுப் பார்த்துத் தானியம் தூற்றியவருக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை. விளையாட்டிலும் காற்றுக்கு மறைவு இருந்தால்தான் தீ நிற்கும். மேலே காக்கை வட்டமடித்தால் கீழே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நான் எங்கோ படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் பார்த்தவுடனே சொன்னார்.

61ஆம் நாள் மிஸ்டரி லேக் ஏரியில் இருந்தேன். கரையில் கேம்ப் ஆபீஸ் என்று ஒரு மரவீடு, அதுதான் என் இருப்பிடம். ஏரியின் மேல் மீன் பிடிக்கிறவர்களுக்கான சின்னக் குடிசைகள் உண்டு. தரையில் பனிக்கட்டியை உடைத்துத் தூண்டில் போட ஒரு துளை, பக்கத்தில் ஓர் இரும்பு அடுப்பு. மான் ஒன்றை அடித்து அறுத்து எடுத்துக்கொண்டு திரும்பும்போது வானம் மங்கியது. காற்று ஏறியது. நான் குடிசைக்குள் ஒதுங்கினேன். சற்று நேரத்தில் பனிப்புயல் முழுதாக இறங்கிவிட்டது, கதவுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

உள்ளே அடுப்பு இருந்தது. விறகும் நிலக்கரியும் என்னிடம் இருந்தன. மூட்டியிருந்தால் கறியைச் சுட்டுத் தின்று, தண்ணீர் காய்ச்சி, விடியும்வரை இருந்திருக்கலாம். குச்சிகளைப் பார்த்தேன், 9. பத்துக்குக் கீழே வந்துவிட்டதே என்று ஏற்கெனவே இரண்டு நாளாக மனசுக்குள் ஒரு பதைப்பு. எட்டாகிவிடக் கூடாது. வீடு பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே தீ இல்லாமலேயே குளிர் தாங்கும், ஒரு குச்சி மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுக் கதவைத் திறந்தேன்.

அப்பா, "இருக்கட்டும் கண்ணு, சித்த நேரம் பாத்துட்டுப் போலாம்" என்றார். நான் கேட்கவில்லை.

சுமை 30 கிலோவைத் தாண்டியிருந்ததால் வேகமாகப் போக முடியவில்லை. கறியைக் கீழே போட்டிருக்கலாம். பழைய ஜாக்கெட் ஒன்று, தட்டுமுட்டுச் சாமான்கள், என்றைக்காவது ஆகும் என்று வைத்திருந்த இரும்புத் துண்டுகள், எதையும் போடவில்லை. நேராக நடந்தால் கரை என்று நினைத்தேன், புயலில் நேர் என்பது ஏது? குளிர்ச் சின்னத்துக்குப் பக்கத்தில் மூன்று அம்புக்குறி கீழே பார்த்து நின்றது. அதற்கு மேல் வேகமாகக் குறைய முடியாது என்பதற்கு அடையாளம் அது. உடுப்பு நனைந்து உறைந்தது. ஏதோ ஒரு கரையைத் தொட்டேன், அது என் கரை இல்லை. திரும்பினேன். அப்போது நின்று ஒரு பாறை மறைவில் தீ மூட்டியிருந்தாலும் பிழைத்திருப்பேன். சாவு தெரிந்த பிறகும், திரை ஓரம் மங்கத் தொடங்கிய பிறகும், என் விரல் அந்தக் குச்சியின் பக்கம் போகவில்லை என்பதுதான் எனக்குப் புரியாதது. அவன் விழுந்தான். மூச்சுச் சத்தம் நின்றது. 61 நாள் என்று எழுத்து வந்தது.

கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அப்பா கேட்டார்: "வத்திப்பெட்டில குச்சி இருந்துச்சில்ல? ஏங்கண்ணு பத்த வெக்கல?"

குறை சொல்கிற குரல் இல்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத் தொண்டைவரை ஒரு பதில் வந்தது. விழுங்கிவிட்டேன்.

அறுபத்திரண்டு மூட்டை

அந்தப் பதில் மஞ்சள்.

கொடுமுடிப் பக்கம், காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் எங்கள் வயல். எழுநூறு வருசத்துக்கு மேலாகத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் அது. மஞ்சள் வைத்தால் ஒன்பது பத்து மாதம் மண்ணில் கிடக்கும். தை மாசியில் வெட்டி, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றினால் விரலி வேறு கிழங்கு வேறாக மூட்டை பிடிக்கலாம். காய்ந்த மஞ்சள் சீக்கிரம் கெடாது, அதுதான் அதன் பலம். விலை இல்லையென்றால் வருசக்கணக்கில் அடுக்கி வைக்கலாம். ஈரோட்டுப் பக்கம் பல குடும்பங்களுக்கு மஞ்சள்தான் பாங்கி. 2008இல் வெட்டியதை அப்பா அப்படித்தான் இருப்பு வைத்தார். 2010இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியபோது விற்றார். அக்கா கல்யாணம் அந்தப் பணத்தில்தான் நடந்தது. பழைய கடன் மொத்தமும் அடைந்தது. ஊரில் அப்பாவை யோசனை கேட்டு வருவார்கள்.

2011இல் மறுபடி நல்ல விளைச்சல், 62 மூட்டை. விலை இறங்கத் தொடங்கியிருந்தது. ஏறும் என்று அப்பா வைத்தார். இன்னும் இறங்கியது. இறங்கியதை விற்பதா என்று மேலும் வைத்தார். 2012 பிறந்தபோது குவிண்டால் 5,000 ரூபாய்க்கும் கீழே போயிருந்தது. அந்த வருசம்தான் எனக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. மாமாவிடம் கைமாற்று, இன்னோர் ஆளிடம் இரண்டு வட்டிக்குக் கடன். மூட்டைகள் குடோனில் அடுக்கியபடியே இருந்தன, அதற்கு வாடகை வேறு. அம்மா ஒரு நாள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் பாத்திரம் விளக்கிக்கொண்டே, "மூட்டைய அடுக்கி வச்சுப்போட்டு ஊரெல்லாம் கடன் கேக்கறீங்களேங்க" என்றாள். அவள் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். கடைசியில் வண்டு விழுந்து பொடி உதிர ஆரம்பித்த பிறகு, கிடைத்த விலைக்குக் கொடுத்தார்.

இந்த விஷயத்தில் எனக்கு அப்பா மேல் வெகுநாள் கோபம் இருந்தது. வெளியே காட்டியதில்லை. கையில் இருப்பதை எடுக்கத் தெரியாத மனிதர் என்று உள்ளுக்குள் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். அந்தத் தீர்ப்பை எழுதியவன்தான் 9 குச்சியோடு ஏரியில் விறைத்துக் கிடந்தான். என் பணம் இல்லை, என் உயிர் இல்லை, வெறும் விளையாட்டு. அங்கேயே என்னால் ஒரு குச்சியை எடுக்க முடியவில்லையென்றால், மூன்று பேர் வயிறும் ஒரு பீஸும் தலைமேல் தொங்கும்போது அவர் என்ன செய்திருப்பார்?

அந்த வாரம் முழுக்க அம்மிச்சியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாம்பலில் கங்கு மூடிய அம்மிச்சியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, இன்னோர் அம்மிச்சியை மறந்திருந்தேன். எனக்கு எட்டு வயது இருக்கும். ஐப்பசி அடைமழை. நடுராத்திரி கட்டுத்தரையில் மாடு கன்று போட்டது. ஓலை ஒழுகி, தரை சேறாகி, கன்று நடுநடுங்கிக்கொண்டு எழ முடியாமல் கிடந்தது. அடுப்புக் கங்கு ஈரத்தில் அவிந்திருந்தது. அம்மிச்சி அரிக்கேன் வெளிச்சத்தில் சோளத்தட்டையும் தென்னமட்டையையும் போட்டு வத்தியைக் கிழித்தாள். நமத்த குச்சி, பிடிக்கவில்லை. அடுத்தது. அடுத்தது. நான் எண்ணிக்கொண்டே நின்றேன், நாங்கள் ஒன்று கிழித்தால் அடிக்க வருகிறவளாயிற்றே! பெட்டியே காலியானது. அரிக்கேன் கண்ணாடியைத் தூக்கித் திரியிலேயே ஒரு துணியைப் பற்றவைத்தாள், அது கட்டியிருந்த சேலையின் முந்தானைக் கிழிசல். தீ வந்தது. கன்றைத் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றினாள். அவள் முகத்தில் குச்சி போனதே என்ற நினைப்பு கொஞ்சமும் இல்லை. இரண்டு மாதத்துக்கான பெட்டி ஒரு ராத்திரியில் போயிற்று, அவ்வளவுதான்.

அவளுக்குக் குச்சி எதற்காக இருக்கிறது என்று தெரிந்திருந்தது. விதைச்சோளத்தைப் பானையில் பூட்டி வைப்பாள், ஆனால் மழை பெய்த மறுநாள் பானை காலியாகும். வைப்பதற்கு ஒரு நாள் இருந்தால் எடுப்பதற்கும் ஒரு நாள் அவளிடம் இருந்தது. எனக்கு எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது. அப்பாவுக்கும் அந்த வருசம் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. 15,000 என்ற எண் ஒன்று அவர் கண்ணில் நின்றுவிட்டது. சிக்கனம் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2010இல் அது எங்களைத் தூக்கி நிறுத்தியது, அந்தத் தீவிலும் 60 நாள் நிறுத்தியது. அதே பழக்கம்தான், அதே கைதான்.

ஊருக்குப் போகிற அன்று காலையில் அப்பா தானாகவே பேசினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, காபி குடித்துக்கொண்டிருந்தோம்.

"அந்த வருசம் ஒரு நா வித்தர்லாம்னு மாதிரிப் பையத் தூக்கிட்டு ஈரோடு போனங்கண்ணு. ஒம்பதாயிரத்துக்கிட்ட கேட்டாங்க. வேண்டாம்னு திரும்பி வந்துட்டேன்."

"ஏனுங்கப்பா?"

"உங்கக்கா கண்ணாலத்துக்கு அதுதானே கை குடுத்துச்சு. அதை நம்பாம வேற எதை நம்பறது?" காபி டம்ளரைக் கீழே வைத்தார். "பஸ்ஸுல வர்றப்பவே தெரிஞ்சுது. இருந்தாலும் எறங்கித் திரும்பிப் போக மனசு வரல."

புயலில் தப்பான கரையைத் தொட்டுத் திரும்பிய இடம் எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தோம். மருந்து விடுவதை மறக்க வேண்டாம் என்று மட்டும் நான்கு முறை சொன்னேன்.

இப்போது புது ஆட்டம். 23ஆம் நாள். அதே ஏரி, அதே குடிசை, வெளியே அதே மாதிரி ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. ஊரில் மழையா என்று கேட்கத்தான் அப்பாவுக்குப் போன் போட்டேன். வாய்க்காலில் தண்ணீர் விட்டதைப் பற்றிச் சொன்னார், வாழைக்குக் காற்று அடித்துவிடுமோ என்றார். பின்னால் கேட்ட சத்தத்தை வைத்து, "ஆட்டமா?" என்று கேட்டார்.

"ஆமாங்கப்பா. புயலுங்க."

"எங்க இருக்கற?"

"மீன் குடிசைக்குள்ளங்க."

"அடுப்பு எரியுதா?"

"எரியுதுங்கப்பா" என்றேன்.

"சரி" என்றார். அப்புறம் வாழைக்கு முட்டுக் கொடுப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.